யாருக்கு வலிக்கிறது?

சென்ற மாதம் எழுதிய ஒரு கட்டுரையின் நடுவே, ஏற்காட்டில் ஒரு வீட்டில் நான் பார்த்த ஊனமுற்ற பூனையைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி சொல்லியிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதி முழுவதும் நாவலில் வரும் உரையாடலைப் பற்றியது. உரையாடலைப் பற்றி எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. பூனையைப் பற்றிப் பதினேழு கடிதங்கள் வந்திருக்கின்றன!

அவற்றில் ஒன்று சேலத்திலிருந்து வந்தது. எழுதியவர் படித்தவர், பண்பானவர், கோபம் என்பதே இல்லாமல் எழுதுகிறார். அதனால்தான் அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்வது இரண்டு விஷயம். நிற்கவும் நடக்கவும் தடுமாறுகிற ஒரு ஜீவனை வருஷக்கணக்காக வைத்துக்கொண்டு வதைப்பதைவிட, மருத்துவரிடம் கொண்டுபோய் ஒரே ஊசியில் நிம்மதியாக அனுப்பிவிடுவதல்லவா கருணை என்பது முதலாவது. மனிதர்களுக்கே ஒண்ட இடமில்லாத நாட்டில் நொண்டிப் பூனைக்குப் புகலிடம் என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது இரண்டாவது.

இரண்டும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. இரண்டும் தவறு என்பது என் கட்சி. முதலாவது தவறு மட்டுமல்ல, அபாயமும்கூட.

வழக்கைப் பேசுமுன் அந்தப் பூனை யார் என்று சொல்லிவிடுகிறேன். கூண்டில் நிற்பவனைப் பார்க்காமலே தீர்ப்பெழுதுவது நல்ல வழக்கமல்ல.

வீடு இருக்கும் இடத்தைச் சொல்ல மாட்டேன். ஏரியிலிருந்து சற்று மேலே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் ஒரு சரிவில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அங்கே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தோட்டத்து ஜனங்களுக்கு அவர் டீச்சரம்மா. கண் தெரியாதது, காது கேளாதது, காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் சிக்கிக் காலை இழந்தது என்று பதினொரு பூனைகள் அவரிடம் இருக்கின்றன. அவற்றில் ஒருவன்தான் நம்முடைய ஆள்.

கறுப்பும் வெள்ளையுமான பூனை, வயது ஆறு. நடக்கும்போது ஒவ்வொரு காலையும், சேற்று வயலில் நடப்பவன் தூக்கி வைப்பதுபோல, உயரத் தூக்கி வைப்பான். தூக்கிய கால் எங்கே இறங்கும் என்பது அவனுக்கே தெரியாது. எப்போதும் ஒரு கால் அந்தரத்தில் நிற்பதால் டீச்சரம்மா அவனுக்கு வைத்த பெயர் நடராஜன். காப்பிக் களத்தில் வேலை செய்யும் ஆட்கள் வைத்த பெயர் மப்பு. இரண்டு பெயருக்கும் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. மீன் என்றால் பார்ப்பான்.

அவன் விழுவது பெரும்பாலும் இடது பக்கமாக. ஆகவே அவனாகவே ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறான். சுவரோரமாக, இடது தோளைச் சுவரில் உரசிக்கொண்டே நடக்கிறான். அந்த வீட்டு வெள்ளைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. சமையலறை வாசலில் தொடங்கித் தாழ்வாரத்தின் கடைசிவரை போகிறது. திரும்பி வருவதற்கு இடது தோள் எதிர்ச்சுவரில் அல்லவா பட வேண்டும்? ஆகவே எதிர்ச்சுவரிலும் ஒரு கோடு. அவனுடைய உலகத்தில் எல்லாத் தெருக்களும் ஒருவழித் தெருக்கள்தாம். சென்ற வருஷம் சுண்ணாம்பு அடிக்க வந்த ஆள் இரண்டு கோடுகளையும் அழித்துவிட்டுப் போனானாம். மூன்று மாதத்தில் இரண்டும் திரும்ப வந்துவிட்டன.

சாப்பிடும்போது அவன் தலை ஆடும். வாயைப் பாத்திரத்துக்குக் கிட்டக் கொண்டுபோகப் போக ஆட்டம் அதிகமாகும். பீங்கான் தட்டுகளையெல்லாம் கவிழ்த்து உடைத்துத் தீர்த்த பிறகு, சேலத்துக் கடைத்தெருவிலிருந்து கனமான மாக்கல் சட்டி ஒன்றை வாங்கி வந்தார் டீச்சரம்மா. வற்றல் குழம்பு வைக்கிறோமே, அதே சட்டிதான். அதை அவனால் கவிழ்க்க முடியவில்லை. வழுக்கும் சிமெண்டுத் தரையில் சாக்குகளைத் தைத்து விரித்திருக்கிறார்கள். நகங்களை அதில் ஊன்றிக்கொண்டு ஓடக்கூடச் செய்கிறான். தை மாதத்தில் காப்பிக்கொட்டையைக் களத்தில் காயப்போட்டால், அதன் குறுக்கே நடந்து பாம்பு போனதுபோல ஒரு தடம் போட்டுவிடுவான். களத்து ஆள் பலகையை எடுத்து மறுபடி பரப்பிவிடுவார். விட்டில் பூச்சியைப் பிடிக்கப் பாய்ந்து, அதற்கு ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்து, எழுந்து உட்கார்ந்து, அந்த இடத்தில் விழுவதுதான் தன் உத்தேசம் என்பதுபோல முன்னங்காலை நக்கிக்கொள்வான். தூங்கும்போது மட்டும் அந்த உடம்பில் ஓர் அசைவு இராது. எல்லாப் பூனைகளையும்போல நிச்சலனமாகத் தூங்குவான்.

இதற்கு என்ன காரணம் என்று மருத்துவம் அறியும். பூனைகளுக்கு வரும் பான்லுக்கோபீனியா என்ற வைரஸ் நோய் சினைப்பூனையைப் பற்றினால், அது வயிற்றிலிருக்கும் குட்டிகளையும் தாக்கும். வேகமாகப் பெருகும் உயிரணுக்களையே அது தேடிப் போகும். அந்தப் பருவத்தில் குட்டியின் சிறுமூளை அப்படி வளர்ந்துகொண்டிருக்கும். உடம்பின் சமநிலையையும் அசைவின் நிதானத்தையும் பார்த்துக்கொள்வது சிறுமூளை. அது குறைபட்டுப்போன குட்டி, நடக்கத் தொடங்கும் நாளிலிருந்து தள்ளாடும். இதற்கு மருந்து இல்லை. ஆனால், நான் சொல்ல வந்தது இனிமேல்தான்: இது முற்றிப்போகிற நோயல்ல. பிறந்தபோது எவ்வளவோ அவ்வளவுதான். இந்தத் தள்ளாட்டத்தில் வலி இல்லை. இது இன்னொரு பூனைக்குத் தொற்றுவதும் இல்லை. கவனித்துக்கொள்ள ஆளிருந்தால் மற்றப் பூனைகள் வாழும் காலம்வரை இதுவும் வாழும். இவையெல்லாம் அனுதாபத்தில் சொன்ன வார்த்தைகள் அல்ல. கால்நடை மருத்துவ நூல்கள் சொல்பவை.

அப்படியானால் சேலத்து அன்பரை நான் கேட்கிறேன்: வதை எங்கே இருக்கிறது? யாருக்கு வலிக்கிறது?

பூனைக்கு வலிக்கவில்லை. அதைப் பார்க்கிற நமக்குத்தான் வலிக்கிறது. தள்ளாடும் ஓர் உடம்பு நம் கண்ணை உறுத்துகிறது. அந்த உறுத்தல் போக வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் நம் கண்ணின் உறுத்தலுக்குப் பூனையின் உடம்பில் ஊசி போட்டுவிட்டு அதற்குக் கருணை என்று பெயர் வைக்கிறோமே, அதைத்தான் நான் மறுக்கிறேன். மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிற பூனையைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கும். நம்முடைய கருணையும் சில வேளைகளில் அந்த ஜாதித் தவமாகிவிடுகிறது.

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதுகெலும்பு நொறுங்கி, மூச்சுக்கு மூச்சு வேதனைப்படுகிற, எந்த வைத்தியமும் தேற்ற முடியாத பிராணிக்கு அந்த முடிவு வேண்டித்தான் இருக்கிறது. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. தீராத வேதனைக்கு ஊசி என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறு மாதிரி நடப்பதற்கு ஊசி என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இது அபாயம் என்று சொன்னேன். 'கருணை மரணம்' என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1939-இல் ஹிட்லர் கையெழுத்திட்ட ஒரு காகிதத்தில் அந்தச் சொல் இருந்தது. அதைக் கொண்டு, மனவளர்ச்சி குன்றியவர்கள், மனநோயாளிகள், ஊனமுற்றவர்கள் என்று 1941 ஆகஸ்டுக்குள் 70,000 பேருக்கு மேல் ஜெர்மனியில் விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. பூனையையும் மனிதனையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை. சேலத்து அன்பரை அந்தக் கூட்டத்தோடு சேர்க்கவும் இல்லை. அவர் மிக நல்லவர். ஆனால் நடுங்குகிற ஓர் உடம்பைக் கண்டதும் 'இது இல்லாமலிருந்தால் இதற்கே நல்லது' என்று தோன்றுகிற மனப்பழக்கம் இருக்கிறதே, அது பூனையோடு நின்றுவிடும் என்று யார் ஜாமீன் கொடுப்பது? நம் வீடுகளில் கைகால் வழங்காத குழந்தையைப் பெற்ற தாயிடம் உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்கும் தொனியை நீங்கள் கேட்டதில்லையா? அது தொடங்குகிற இடம் வெகு தூரத்தில் இல்லை.

இன்னும் ஒரு வேடிக்கை. ஊனம் நம் கண்ணை உறுத்துகிறது என்றேன் அல்லவா? எப்போதும் உறுத்துவதில்லை. விலை கொடுத்து வாங்கிய ஊனம் உறுத்துவதே இல்லை. 1961-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் காது மடிந்த பூனை ஒன்று கிடைத்தது. பார்க்க அழகாயிருக்கிறதென்று அதிலிருந்து ஓர் இனத்தையே பெருக்கினார்கள். ஸ்காட்டிஷ் ஃபோல்டு என்று பெயர். காதை மடிக்கிற அதே மரபுக்கூறு உடம்பிலுள்ள குருத்தெலும்பையெல்லாம் கெடுக்கிறது. அந்தப் பூனைகளின் மூட்டுகளில் வாழ்நாள் நோவு வருகிறது. இங்கிலாந்தின் பூனைச் சங்கம் எழுபதுகளிலேயே அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. ஆனாலும் உலகெங்கும் அதற்குக் கிராக்கி குறையவில்லை. நம் ஊர்களில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற பாரசீகப் பூனையின் சப்பை மூக்கைப் பாருங்கள். எவ்வளவுக்கெவ்வளவு சப்பையோ அவ்வளவுக்கவ்வளவு அதற்கு மூச்சுத் திணறல். அந்தத் திணறலைக் கேட்டு, 'செல்லமாகக் குறட்டை விடுகிறது' என்று சிரிக்கிறோம். உண்மையிலேயே வலிக்கிற ஊனத்தைக் காசு கொடுத்து மடியில் வைத்துக்கொள்கிறோம்; வலியில்லாத ஊனம் இலவசமாக வந்தால் ஊசியைத் தேடுகிறோம். இதில் கருணை எங்கே வந்தது? விலைச்சீட்டுத்தான் வந்தது.

சட்டமும் வெகு காலம் அப்படித்தான் பேசிற்று. 1860-இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில், ஒரு பிராணியைக் கொன்றால், முடமாக்கினால் குற்றம் என்று இருந்தது. ஆனால் அந்தப் பிராணி பத்து ரூபாயாவது பெற வேண்டும். யானை, குதிரை, மாடு என்றால் விலை கேட்காமலே தண்டனை அதிகம். நடராஜன் என்ன விலை பெறுவான்? நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் அந்த வாசகம் இருந்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில்தான் அந்த விலைக் கணக்கை எடுத்தார்கள். இப்போது எந்தப் பிராணியானாலும் ஐந்து வருஷம்வரை சிறை உண்டு.

ஆனால் கொல்லாமல் நடுத்தெருவில் விட்டுவிட்டால்? அதுவும் குற்றம்தான். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வந்த கதையில் நம் ஊருக்குப் பெருமை உண்டு. ராஜ்ய சபையில் நியமன உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் தாமே ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்து வாதாடினார். நேரு அரசாங்கமே சட்டம் கொண்டுவருவதாகச் சொன்ன பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1962-இல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டத்தில், முதல் முறை குற்றம் செய்தவனுக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல்! 1960-இல் ஐம்பது ரூபாய் ஒரு குமாஸ்தாவின் வீட்டில் கணிசமான தொகை. அந்தத் தொகை இன்னும் அப்படியே சட்டத்தில் நிற்கிறது. ஏரிக்கரையில் இரண்டு பேர் காப்பி சாப்பிட்டால் தீர்ந்துபோகிற காசு.

நான் வீட்டின் விலாசத்தைச் சொல்லாததன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். பூனைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற வீடு என்று ஒருமுறை வெளியில் தெரிந்துவிட்டால் போதும். விடிந்தால் வாசலில் அட்டைப்பெட்டி. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு மலையேறி வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கும்போது வண்டியில் ஒரு பெட்டி குறைவாக இறங்குகிறார்கள். நடராஜனும் அப்படி வந்தவன்தான். தகரக் கூரையில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், பிஸ்கட் பெட்டி ஒன்றில், இன்னும் இரண்டு குட்டிகளோடு இருந்தான். மற்ற இரண்டும் அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டன. பெட்டியின்மேல் யாரோ நல்ல கையெழுத்தில், 'தயவுசெய்து காப்பாற்றவும்' என்று எழுதியிருந்தார்களாம். மே மாதக் கோடை விழாவில் இந்த ஊரில் நாய்க் கண்காட்சி நடக்கிறது. வாரிவிட்ட ரோமத்தோடு நாய்கள் மேடையேறிப் பரிசு வாங்குகின்றன. அதை நான் குறை சொல்லவில்லை. கோப்பையோடு இறங்குகிற வண்டியும், பெட்டியை இறக்கிவைத்துவிட்டு இறங்குகிற வண்டியும் ஒரே சாலையில்தான் போகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

இனி இரண்டாவது கட்சிக்கு வருகிறேன். மனிதனுக்கு வழியில்லாதபோது பூனைக்கா?

கருணையை நியாயவிலைக் கடை அரிசி என்று நினைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. வரிசையில் முன்னால் நிற்பவனுக்குப் போட்டால் பின்னால் நிற்பவனுக்கு இல்லாமல் போய்விடும் என்ற பயம். அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. பசித்த மனிதர்களுக்காக 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அதே வள்ளலார்தான் பயிர் வாடினாலும் மனம் கலங்கியவர். மனிதப் பசி முழுக்கத் தீர்ந்த பிறகு பயிருக்காகக் கலங்கிக்கொள்ளலாம் என்று அவர் ஒத்திப் போடவில்லை. சென்னையில் புளூ கிராஸ் எப்படிப் பிறந்தது? 1959-இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் என்ற விமானி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனதில் பிறந்தது. வெள்ளத்தில் தவிக்கிற மனிதர்களை முதலில் கணக்கெடுத்துவிட்டு வருகிறேன் என்று அவர் போயிருந்தால், குட்டிகளும் பிழைத்திரா; மனிதர்களுக்கும் அதனால் ஒரு லாபமும் வந்திராது.

டீச்சரம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் சாயங்காலங்களில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து மலையாளி ஜாதிப் பிள்ளைகள் கணக்குப் படிக்க வருகின்றன. சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் அவர்கள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். காசு வாங்காமல்தான் சொல்லிக்கொடுக்கிறார். புதிதாக வருகிற பிள்ளை முதல்நாள் நடராஜனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும். மூன்றாம் நாள், சுவரோரமாக வைத்த தன் புத்தகப் பையை, அவன் வருகிற பாதையென்று தெரிந்து, தானாகவே நகர்த்தி வைக்கும். யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தப் பிள்ளை நாளைக்கு ஒரு பஸ்ஸில் ஊன்றுகோலோடு ஏறுகிறவருக்கு இடம்விடுமா, விடாதா? பூனைக்குக் கொடுத்தது மனிதனிடமிருந்து எடுத்ததாகுமா?

பணக்கார தேசத்துப் பழக்கம் என்பார்கள். ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் குத்துப்பட்டு விழுந்த இடம் இன்று லார்கோ தி டோர்ரே அர்ஜென்டினா என்ற சதுக்கத்தில் தெருமட்டத்துக்குக் கீழே இடிபாடுகளாகக் கிடக்கிறது. அந்த இடிபாடுகளில் பூனைகள் வாழ்கின்றன. கண்ணில்லாதவையும் மூன்று காலில் நடப்பவையும் அவற்றில் உண்டு. தொல்பொருள் இலாகா காலி செய்யச் சொன்னபோதும் விட்டுக்கொடுக்காமல் அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சில சாதாரணப் பெண்கள். அரசாங்கமல்ல, கோடீசுவரர்களும் அல்ல. டீச்சரம்மாவின் சொத்து ஓய்வூதியமும் ஒரு மாக்கல் சட்டியும் பழைய சாக்குகளும். இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றால், வசதி என்ற சொல்லுக்கு நாம் புது அர்த்தம் எழுத வேண்டியிருக்கும்.

நியாயமான ஆட்சேபம் ஒன்று பறவைகளை ஆராயும் ஒரு நண்பரிடமிருந்து வந்தது. பூனைகளைப் பெருகவிட்டால் மலையில் கொண்டைக்குருவியும் ஓணானும் மிஞ்சாது என்கிறார். அவர் சொல்வது சரி. அதனால்தான் அந்த வீட்டில் எல்லாப் பூனைகளுக்கும் கருத்தடை செய்தாகிவிட்டது. தாழ்வாரம் முழுவதும் கம்பி வலை அடித்திருக்கிறது. நடராஜனால் ஆபத்து வரக்கூடிய ஒரே ஜீவன் விட்டில் பூச்சி. அதற்கும் இதுவரை ஒன்றும் நேர்ந்துவிடவில்லை.

பாக்கிக் கடிதங்களில் பல, 'ஐயோ பாவம்' என்று உருகுகின்றன. சிலர் படமெடுத்து உலகத்துக்குக் காட்ட வேண்டுமென்று விலாசம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் லில் பப் என்று ஒரு குள்ளப் பூனை இருந்தது. பல்லில்லாமல், நாக்கு எப்போதும் வெளியே தொங்க, எலும்பு நோயோடு 2011-இல் பிறந்தது. 2019 டிசம்பரில் இறந்தது. அதன் படங்களால் ஏழு லட்சம் டாலருக்கு மேல் மற்றப் பிராணிகளுக்காகச் சேர்ந்தது. நல்ல காரியம். ஆனால் நம்மைச் சிரிக்கவைத்தால்தான் ஒரு பூனை வாழலாம் என்று ஆகிவிடக் கூடாது. ஒருத்தரையும் சிரிக்கவைக்காமல், மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குருட்டுப் பூனை ஒன்றும் அந்த வீட்டில் இருக்கிறது. அதற்கும் அதே அளவு மீன்தான்.

நம் வைஷ்ணவப் பெரியவர்கள் இதை என்றைக்கோ பேசித் தீர்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை, தாயே கவ்வி எடுத்துப் போகிறது. கடவுளின் அருள் இதில் எந்த மாதிரி என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள். தென்கலையாரின் கட்சி பூனையின் கட்சி. மார்ஜார நியாயம் என்பார்கள். சக்தி இருக்கிறதா, தகுதி இருக்கிறதா, பற்றிக்கொள்ளத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு எடுப்பது அருளல்ல என்பது அவர்கள் வாதம். தத்துவத்தில் இதைக் கேட்டுக் கைகூப்புகிற நாம், பூனை நேரில் வந்து நின்றால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறோம்.

நடராஜனுக்கு வேண்டியது இரக்கம் அல்ல. உரசிக்கொண்டு நடக்க ஒரு சுவர், கவிழாத சட்டி, வழுக்காத தரை. ஒரே வார்த்தையில் சொன்னால், இடம். அதைக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்கிறான். மனிதர்கள் விஷயத்திலும் 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத்தான் கேட்கிறது: படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டு என்கிறது. 'ஐயோ பாவம்' என்று சொல்வதைவிடச் சாய்தளம் கட்டுவதற்குச் செலவு கொஞ்சம் அதிகம். அதனால்தான் நம்மிடம் முன்னது மலிந்து கிடக்கிறது.

வாசகர்கள் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பூனை வளர்ப்பவர்கள் அதற்குக் கருத்தடை செய்யுங்கள். சினையாகுமுன்பே தடுப்பூசி போடுங்கள். நடராஜனுடைய தாய்க்கு யாராவது உரிய காலத்தில் அந்த ஊசியைப் போட்டிருந்தால், பிற்பாடு அவனுக்கு எந்த ஊசி போடலாமென்று நாம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். குறையுள்ள குட்டி பிறந்தால், அட்டைப்பெட்டியைத் தேடுமுன் வீட்டில் ஒரு சாக்கை விரித்துப் பாருங்கள். அபராதத் தொகையை உயர்த்தச் சொல்லி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதிய பதினேழு பேர் அவருக்கு எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு.

சேலத்து அன்பரின் கடிதத்தை டீச்சரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாமே, சார்?" என்றார். அதுவும் நியாயமாகப் பட்டது. ஆகவே அந்த அன்பருக்கு மட்டும் விலாசத்தைத் தனிக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் வரட்டும், ஒரு மணி நேரம் அந்தத் தாழ்வாரத்தில் உட்காரட்டும். அதன் பிறகும் தம் அபிப்பிராயம் மாறவில்லையென்றால் மறுபடியும் எழுதட்டும்; அதையும் இந்தப் பக்கத்திலேயே வெளியிடச் சொல்கிறேன். வரும்போது பெட்டி எதுவும் கொண்டுவர வேண்டாமென்று டீச்சரம்மா சொல்லச் சொன்னார்.